கூகுளில் என் பதிவு ஏன் வரவில்லை? புதிதாக எழுதுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அக்கா, வலைப்பதிவு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. எட்டுப் பதிவு போட்டுவிட்டேன். வலைப்பதிவின் பெயரைப் போட்டுத் தேடினாலும் கூகுளில் வரவில்லை.

உங்கள் தளம் கூகுளின் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைப் போடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் இன்னும் ஏறவில்லை.

வலைப்பதிவை வேர்ட்பிரஸில் நடத்துகிறீர்கள் என்றால் அமைப்புகளில் 'ரீடிங்' பக்கத்தின் அடியில், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கும். தளம் கட்டும்போது அதில் டிக் போட்டுவிட்டு எடுக்க மறந்துபோகிறார்கள். என் தோழியின் தளம் இரண்டு மாதம் இப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. பிளாகரிலும் தனியுரிமைப் பகுதியில் இதே போன்ற ஒரு பொத்தான் உண்டு.

அது சரியாக இருந்தால், தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் செர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப் (தளத்தின் பக்கங்கள் எல்லாம் அடங்கிய பட்டியல்) முகவரியைக் கொடுங்கள். காசு எதுவும் கிடையாது. அப்புறமும் சில நாளோ சில வாரமோ ஆகலாம்.

கேள்வி: பிளாகரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியில் வெறும் 'பிளாக் போஸ்ட்' என்றுதான் வருகிறது. தமிழிலேயே முகவரி வைக்க முடியாதா?

பிளாகர் தமிழ்த் தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்குவதில்லை. பதிவை வெளியிடும் முன் வலப்பக்கத்தில் 'பெர்மாலிங்க்' (பதிவின் நிரந்தர முகவரி) பகுதிக்குப் போய், 'தோசை மாவு' போல இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டுங்கள்.

வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், கூகுளுக்கும் புரியும். சிக்கல் பகிரும்போதுதான். 'தோசை' என்ற சொல் கணினிக்குள் த, ஓகாரக் குறி, ச, ஐகாரக் குறி என நான்கு துண்டு. முகவரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு துண்டும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாகிவிடும். ஒரு தோசைக்கே 36! வேர்ட்பிரஸ் முகவரியில் தலைப்புக்கு ஒதுக்குவது 200 எழுத்து. இருபத்திரண்டு துண்டுக்கு மேல் போனால் முகவரியில் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். ஆனால் இதைப் படித்துவிட்டுப் பழைய பதிவுகளின் முகவரியை மாற்றாதீர்கள். ஏற்கெனவே பகிர்ந்த லிங்க் செத்துப்போகலாம்.

கேள்வி: கீவேர்ட், அதாவது மக்கள் தேடும் சொல், எப்படிப் பிடிப்பது? எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கருவிகளில் தமிழ்ச் சொல் போட்டால் எண்ணே காட்டுவதில்லை.

கருவியை விடுங்கள், வீட்டில் பேசுவதைக் கேளுங்கள். சமையல் எழுதும் ஒருவர் 'நொதித்தலின் அறிவியல்' என்று தலைப்பு வைத்திருந்தார். உள்ளே அருமையான விஷயம். ஆனால் மார்கழிக் குளிரில் காலையில் பாத்திரத்தைத் திறந்து பார்க்கிறவர் 'நொதித்தல்' என்றா தேடுவார்? 'மாவு பொங்கவில்லை', 'மாவு புளிக்க என்ன செய்வது' என்றுதான் தேடுவார். அதைத் தலைப்பில் வையுங்கள், பதிலை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். அறிவியல் கீழே வரட்டும்.

கூகுள் பெட்டியில் 'தோசை மாவு' என்று தட்டிவிட்டு நிறுத்திப் பாருங்கள். கீழே வரிசையாக வருபவை மற்றவர்கள் தேடியவற்றை வைத்து வருபவை. ஒவ்வொன்றும் ஒரு பதிவுக்கான விதை. பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், அப்படியும் தேடிப் பாருங்கள்.

கேள்வி: மெட்டா கீவேர்டில், அதாவது தேடுபொறிக்காகப் பக்கத்தின் நிரலுக்குள் வைக்கும் சொற்பட்டியலில், எத்தனை சொல் போடலாம்?

ஒன்றும் வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் மெட்டா விவரணையை (தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரக்கூடிய குறிப்பு) இரண்டு வரி நன்றாக எழுதுங்கள். அது உங்களை மேலே ஏற்றாது, ஆனால் பார்ப்பவரைச் சொடுக்க வைக்கும்.

கேள்வி: 2,000 ரூபாய்க்கு 500 பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்) தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. ஒரு தளம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால் அது பரிந்துரை மாதிரி என்ற எண்ணத்தில்தான் கூகுளே தொடங்கியது. பரிந்துரையை விலைக்கு வாங்குவது பெருகியதால்தான் 2012-இல் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, அப்படிச் சேர்த்த தளங்களைக் கீழே தள்ளினார்கள். அந்தப் பணத்தில் சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்குங்கள். உங்கள் பழைய பதிவுகளை ஒன்றோடொன்று லிங்க் கொடுத்து இணைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை, அதைக்கூட நிறையப் பேர் செய்வதில்லை.

கேள்வி: கவிதைகளைப் படமாகப் போடுகிறேன். பழையவை பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. தேடினால் கிடைக்குமா?

படத்தில் உள்ள எழுத்தை நம்பி இருக்காதீர்கள். படத்துக்குக் கீழே கவிதையைத் தட்டச்சு செய்தும் போடுங்கள். பாமினி விஷயம் இன்னும் வருத்தமானது. அதில் 'அம்மா' என்று தட்டினால் உள்ளே சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் மட்டும்தான் அம்மா. தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. இந்த வாரமே உட்கார்ந்து மாற்றிவிடுங்கள், மாற்றியதை ஒருமுறை பிழை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தினமும் ஒரு பதிவு போட்டால்தான் மேலே வருமா?

அப்படி ஒரு விதியும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக எதுவும் எழுதாமல் செர்ச் கன்சோலில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறங்கள். தேடல் முடிவில் எட்டாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் நடுவில் நிற்கும் பதிவு ஒன்றை எடுங்கள். என்ன தேடியபோது அது வந்தது என்று அங்கேயே இருக்கும். அந்தக் கேள்விக்கு உங்கள் பதிவில் நேரான பதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இல்லை என்றால் அந்த ஒரு பத்தியை அன்றைக்கே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.