ஆள் மதிலுக்கு அந்தப் பக்கம்

கேள்வி: தேவிபட்டினத்தில் எங்கள் அப்பா 1993-இல் கட்டிய மாடி வீடு. கடலுக்குக் கூப்பிடு தூரம். தேக்குக் கதவு, கிணறு, தென்னை எல்லாம் உண்டு. அப்பா காலமான பிறகு விற்றுவிட முடிவு செய்தோம். நான் சென்னை, அண்ணன் சிங்கப்பூர், தங்கை மதுரை. இரண்டு வருடமாகப் போர்டு தொங்குகிறது. வருகிறார்கள், பார்க்கிறார்கள், ‘போன் பண்றோம்’ என்று போய்விடுகிறார்கள். கன்னி மூலையில் கிணறு இருப்பதுதான் குறை, மூடிவிடுங்கள் என்கிறார் தரகர். பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். கிணற்றை மூடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: கிணறு கிடக்கட்டும். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த இடம் அந்தத் ‘தவிர’. இரண்டு வருடமாக ஊரெல்லாம் ஆள் தேடுகிறீர்கள். ஆளோ மதிலுக்கு அந்தப் பக்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார்.

தேவிபட்டினத்தில் ஒரு மாடி வீட்டை யார் வாங்குவார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் விலையைக் கொடுக்க வசதி உள்ளவர் அங்கே ஏற்கெனவே ஒரு வீடு கட்டி, உங்களைப் போலவே பூட்டிவிட்டு வெளியூரில் இருக்கிறார். மிச்சம் இருப்பது சொந்தக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும்தான். சொந்தக்காரர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மீதியைப் ‘பொண்ணு கல்யாணம் முடியட்டும்’ என்பார். பொண்ணு பத்தாவது படித்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் உங்கள் வீட்டால் மற்ற யாரையும்விடப் பிரயோசனம் அதிகம். மகனுக்குத் தனிக்குடித்தனம், காருக்கு இடம், ஆடு கட்ட நிழல். நடுச்சுவரில் ஒரு கதவு வைத்தால் போதும். அவரைத்தான் முதல் வேலையாகக் கழித்துக் கட்டியிருக்கிறீர்கள்.

என்ன சண்டை என்று நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. அரையடி நிலமாக இருக்கும், இல்லை மழைத் தண்ணீர் யார் பக்கம் விழுவது என்பதாக இருக்கும், இல்லை ஒரு தென்னை மட்டையாக இருக்கும். அந்த மட்டை யார் தலையிலும் விழுந்திருக்காது. விழப் பார்த்தது என்பதற்காகவே இரண்டு தலைமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். அரையடிக்காகக் கோர்ட்டுக்கு அலைந்து அரை ஏக்கரை விற்ற குடும்பங்கள் இந்தச் சீமையில் உண்டு. கேட்டால் ‘மானப் பிரச்சினை’ என்பார்கள். அவர்களுடைய மானம் அளவாக அரையடியில் அடங்கிவிடுகிறது.

சரி, வீடு பார்க்க வருகிறவர் முதலில் யாரிடம் விசாரிப்பார்? தரகரிடமா? தரகர் சொல்வதை ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காரை நிறுத்திவிட்டு, பக்கத்து வாசலில் நிற்கிறவரிடம்தான் கேட்பார்.

“வீடு எப்படிங்க?”

“வீட்டுக்கு என்னங்க, நல்ல வீடு.”

சின்ன இடைவெளி. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொள்வார்.

“பெரியவர் ஆசை ஆசையாக் கட்டினார். பாவம்.”

அவ்வளவுதான். இதில் பொய் ஏதாவது இருக்கிறதா? ஒரு எழுத்துக்கூட இல்லை. ஆனால் வந்தவர் கார் கதவைத் திறப்பதற்குள், அந்த வீட்டில் பெரியவருக்கு என்ன ஆனது என்று அவர் மனைவி நான்கு கதை யோசித்து முடித்திருப்பார். அப்புறம் உங்களுக்கு ‘போன் பண்றோம்’தான். பகையாளியை வாயிலில் உட்கார்த்திவைத்துக்கொண்டு வீடு விற்கக் கிளம்பிய ஒரே குடும்பம் நீங்கள் அல்ல என்பது மட்டும்தான் உங்களுக்கு ஆறுதல்.

அதோடு, பார்த்துவிட்டுப் போவது நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு தனிப் பொழுதுபோக்கு. தனுஷ்கோடிக்குப் போய்ப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரே போயிற்று, குடியிருக்கத் தகுதியில்லை என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. கூரையில்லாத தேவாலயமும் இரண்டு மொட்டைச் சுவரும் நிற்கின்றன. விடுமுறை நாளில் அங்கே வேன் நிறுத்த இடம் கிடையாது. அத்தனை பேரும் சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், சங்கு மாலை வாங்குகிறார்கள். கிரயம் பேசத்தான் ஆள் இல்லை. ஆகவே உங்கள் வீட்டுக்கு நிறையப் பேர் வந்து பார்த்தார்கள் என்பதை ஒரு நல்ல குறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது வாஸ்து. இந்தப் பக்கத்தில் வாஸ்துவைப் பற்றி எழுதினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி சாபம், மீதி இலவச ஆலோசனை. என் மேஜை அக்கினி மூலையில் இருப்பதால்தான் இப்படி எழுதுகிறேன் என்று ஒரு வாசகர் கண்டுபிடித்துச் சொன்னார். மேஜையை நகர்த்தவில்லை, எழுத்தும் மாறவில்லை. ஆனால் தேவிபட்டினத்துக்காரரே வாஸ்துக் குறை என்று பயப்படுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் ஊரில் நவக்கிரகங்கள் ஒன்பதும் கல் தூண்களாகக் கடலுக்குள் நிற்கின்றன. ராமரே நட்டதாக ஐதீகம். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் தோஷம் கழிக்க அங்கே வருகிறார்கள். அந்த ஊரில் பிறந்துவிட்டு, தோஷத்தைத் தரகரிடம் விலைக்கு வாங்குகிறீர்கள்.

கிணறு எந்த மூலையில் இருக்கிறது என்று அந்த ஊரில் வீடு தேடுகிறவர் கேட்க மாட்டார். தண்ணீர் நல்ல தண்ணீரா, உவரா என்று கேட்பார். ஒரு வாளி இறைத்து, ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். நம் கடற்கரையின் விசித்திரமே இதுதான். அலையடிக்கும் தூரத்தில் மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். தனுஷ்கோடி மீனவர்கள் அந்த ஊற்றை நம்பித்தான் அங்கே இருக்கிறார்கள். மணல் பிடித்துவைத்த மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக நிற்கிறது. கையால் இறைக்கிற வரை அது உங்களுடையது. பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், பிறகு அந்தக் கிணறு லேசில் திரும்பாது. உங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தால் அதை மூடுவது பைத்தியக்காரத்தனம். போர்டில் ‘நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு’ என்று தேக்குக் கதவுக்கு மேலே எழுதுங்கள்.

தண்ணீர் என்றதும் என் பழைய சண்டை ஞாபகம் வருகிறது. சினிமாவில் ஒரு நேர்மையான போலீஸ்காரரை மந்திரி மிரட்ட வேண்டும் என்றால் உடனே, ‘தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிச்சிருவேன், ராமநாதபுரத்துக்கு!’ அந்தப் போலீஸ்காரர் முகம் அப்படியே வெளுத்துப்போகும். எங்கள் ஊர் என்ன அந்தமான் சிறையா? காவிரித் தண்ணீர் குழாய் வழியாக வருகிறது. தினமும் வருகிறதா என்று கேட்காதீர்கள், வருகிறது. நரிப்பையூரில் கடல்நீரையே குடிநீராக்கினார்கள். இந்த வசனத்தை எழுதியவர்களால் எங்கள் சென்ட் விலை எவ்வளவு விழுந்தது என்று யாராவது கணக்குப் போட்டால் சங்கம் வைத்து நஷ்டஈடு கேட்கலாம். நான் கையெழுத்துப் போடத் தயார்.

உங்கள் வீட்டின் அசல் குறைகள் வேறு. வெயில் சாயும் நேரத்தில் வெளியே நின்று சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். உப்புக் காற்று காரைக்குள் புகுந்து கம்பியைத் துருவாக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அது பருத்துக் காரையைப் பெயர்த்துத் தள்ளும். முப்பது வருடம் தாண்டிய கடலோர வீட்டில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மேலே பெயின்ட் அடித்து மறைத்திருப்பீர்கள். வாங்க வருகிறவர் கூடவே ஒரு கொத்தனாரை அழைத்து வருவார். அவர் பேச மாட்டார். சாவிக்கொத்தால் இரண்டு இடத்தில் தட்டுவார். பொள்ளென்று சத்தம் வந்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அடுத்தது, நீங்கள் பெருமையாகச் சொல்லும் ‘கூப்பிடு தூரம்’. உங்கள் அப்பாவின் தொண்டை எத்தனை மீட்டர் எட்டும்? விளையாட்டாகக் கேட்கவில்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது 1991 பிப்ரவரியில். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறத்தில் முதல் 200 மீட்டருக்குள் புது வீடே எழுப்பக் கூடாது என்றது அது. உங்கள் வீடு அந்த அறிவிக்கைக்கு இரண்டு வருடம் இளையது. விதிகள் 2011-லும் 2019-லும் மாறின, பேங்க் கேட்கும் கேள்வி மாறவில்லை: அனுமதி வாங்கிய பிளான் எங்கே? பிளான் இல்லை என்றால் கடன் இல்லை. கடன் இல்லை என்றால், முழுத் தொகையையும் கையில் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும். அப்படிப்பட்டவர் இடித்துவிட்டு ரிசார்ட் கட்ட நினைப்பார். கட்ட விடமாட்டார்கள் என்று அவர் வக்கீல் சொன்னதும் போய்விடுவார்.

பட்டா இன்னும் அப்பா பெயரில்தானே? அண்ணன், நீங்கள், தங்கை என்று மூவரை எழுதியிருக்கிறீர்கள். அம்மா எங்கே? இருக்கிறாரா? உயில் இல்லாமல் அப்பா போயிருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் உண்டு. அம்மா இருந்து, விற்கச் சம்மதமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை என்றால், முதலில் போய்க் கேளுங்கள். சிங்கப்பூர் அண்ணன் அங்கிருந்தே பவர் எழுதி அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அவர் வெளிநாட்டுவாசி என்பதால், வாங்குகிறவர் அவர் பங்கில் பிடிக்க வேண்டிய வரியும் உள்ளூர்க்காரருக்குப் பிடிப்பதைவிட அதிகம். இதெல்லாம் தீராமல் போர்டு தொங்குகிறது என்றால், ஆணிக்குத்தான் வீண் வேலை.

விலையைப் பற்றி ஒரே வரி: அப்பா தேக்குக்குக் கொடுத்த காசை வாங்குகிறவர் திருப்பித் தர மாட்டார். அவருக்குப் பத்திரச் செலவே முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் இருக்கிறது.

ஆகவே பத்திரங்களைச் சரிசெய்துகொண்டு மதுரைத் தங்கையை அனுப்புங்கள். நீங்களும் அண்ணனும் போக வேண்டாம், போனால் அரையடியில் ஆரம்பிப்பீர்கள். நீங்கள் பேசாமல் இருந்த வருடங்களிலும் பெண்கள் அந்தச் சுவருக்கு மேலே மீன் குழம்பு கொடுத்து வாங்கியிருப்பார்கள். அந்த வீட்டு அம்மாவிடம் பேச்சை ஆரம்பிக்கட்டும். விலையை நீங்கள் சொல்லாமல் அவர்கள் கேட்கும்படி விடுங்கள். குறைவாகத்தான் கேட்பார்கள். அதோடு தரகுக் கமிஷன் மிச்சம், பெயின்ட் செலவு மிச்சம், வக்கீல் பீஸும் மிச்சம் என்று கூட்டிப் பாருங்கள். மதில் வழக்கு என்ன ஆகும் என்கிறீர்களா? இரண்டு பக்கமும் அவருடையதாகிவிட்டால், அந்த அரையடியை அவர் யாரிடம் கேட்பார்?