ஈறில் ரத்தம்: லேசருக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 48. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். ஆறு மாதமாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. ஒரு கிளினிக்கில் பார்த்துவிட்டு, வாய் முழுவதும் லேசர் சிகிச்சை செய்ய வேண்டும், 40,000 ரூபாய் ஆகும், இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். மாமியாரோ, பல்லைக் கிளீன் செய்தால் ஆட ஆரம்பித்துவிடும், மூலிகைப் பற்பொடியே போதும் என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முன்பணம் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

முதலில் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர்?" ஈறு நோயை அளக்க மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக விட்டு, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் டாக்டர் அளப்பார். "மூணு, ரெண்டு, அஞ்சு" என்று அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்வார். மூன்று வரை இருந்தால் பயமில்லை. நாலு, அஞ்சு என்று ஏறினால் ஈறு பல்லை விட்டு விலகி, பை போல ஆழமாகியிருக்கிறது என்று அர்த்தம். எலும்பு கரைந்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டும். இந்த இரண்டும் இல்லாமல் எழுதிக் கொடுத்த 40,000 ரூபாய்க் கணக்கை நான் ஏற்கமாட்டேன்.

ஈறு மட்டும் வீங்கி ரத்தம் வந்தால், சாதாரண ஸ்கேலிங்கும் (பல் கிளீனிங்) ஒழுங்காகத் துலக்குவதுமே போதும், பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பை ஆழமாக இருந்தால் 'டீப் கிளீனிங்'. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேரில் கெட்டியாக ஒட்டியிருக்கும் அழுக்கை, அதாவது காரையைச் சுரண்டி எடுப்பார்கள். இரண்டு முதல் நான்கு தடவை போக வேண்டியிருக்கலாம். பிறகு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் ஆழம் குறையாத இடங்களில் மட்டும்தான் ஃப்ளாப் சர்ஜரி பற்றிப் பேச்சு வரும். ஈறைச் சற்று விலக்கி, வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தையல் போடுவது அது. லேசரைப் பொறுத்தவரை, காரையை முறையாக எடுத்தபின் அது கூடுதலாகப் பெரிய பலன் தருகிறது என்பதற்கு இன்னும் போதிய ஆதாரம் இல்லை. அதற்காக இவ்வளவு பணம் கட்ட வேண்டியதில்லை.

மாமியாரின் பயம் பல வீடுகளில் உள்ளதுதான். காரை கெட்டியாகப் படிந்து, ஏற்கெனவே ஆடும் பற்களைச் சிமெண்டு மாதிரி பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரியும், சில நாள் பல் கூசும். பல்லை ஆட்டியது நோய், ஸ்கேலிங் இல்லை. என் அப்பாவும் துவர்ப்புப் பற்பொடியை நம்பிப் பல வருடம் ஓட்டினார். மேலே ரத்தம் நின்றது, உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருந்தது. கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் போயின. பற்பொடி ஈறுக்குக் கீழே போகாது.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் அவசரம் அதிகம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) சற்றுக் குறைவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரை விவரத்தைப் பல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுத்தால், சொன்ன நாள் வரை மட்டும். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும்.

இன்னொரு அபிப்பிராயம் கேட்க, ஈறு சிகிச்சையில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு முடித்தவரிடம் போங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும், தனியார் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு, செலவும் பெரும்பாலும் குறைவு. எங்கே செய்தாலும் அளவு எழுதிய தாள், எக்ஸ்ரே, ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனி ரசீது கேட்டு வாங்குங்கள். பணம் கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆழமான பை இருந்தால், சிகிச்சை முடிந்த பின்னும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யப் போக வேண்டியிருக்கும். அதற்கு எவ்வளவு வாங்குவார்கள் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.