மழைக்காலத்தில் ஹார்ப்சிகார்ட் ஜாக் சிக்கிக்கொள்வது பற்றி

வணக்கம் நண்பரே. மழை தொடங்கியதும் உங்கள் ஹார்ப்சிகார்டில் (பியானோ போலக் கட்டைகளை அழுத்தினால் தந்திகளை மீட்டும் இசைக்கருவி) நாலைந்து கட்டைகள் ஒருமுறை ஒலித்துவிட்டு மறுமுறை ஊமையாகிவிடுகின்றன, ஜாக்குகளை, அதாவது கட்டையை அழுத்தியதும் மேலெழுந்து தந்தியை மீட்டும் மெல்லிய மரத்துண்டுகளை, தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குத் தேய்க்காதீர்கள். நான் ஒரு மழைக்காலத்தில் அவசரப்பட்டுத் தேய்த்தேன். காற்று உலர்ந்ததும் ஜாக்குகள் துளைக்குள் கடகடவென்று ஆடின. மரம் சுருங்கிவிட்டது, இழைத்த மரம் திரும்பி வரவில்லை.

முதலில் ரெஜிஸ்டரை (ஜாக்குகள் நிற்கும் துளைகள் உள்ள பட்டை) லேசாக நகர்த்தி, மீட்டுமுனை (ஜாக்கிலிருந்து நீட்டிக்கொண்டு தந்தியை மீட்டும் சிறு முனை) தந்தியைத் தொடாதபடி செய்யுங்கள். அப்போதும் ஜாக் கீழே விழத் தயங்கினால், ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது. அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வையுங்கள், ஜாக்கின் பக்கங்களில் பென்சில் கரியைத் தடவுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

தடையின்றி விழுந்தால் கோளாறு முனையில். விளக்கைப் பிடித்துப் பாருங்கள்: கட்டையை விட்டதும் முனை தந்திக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். நுனியின் அடிப்பக்கத்தைக் கூரான பிளேடால் ஒரு மயிரிழை மட்டும் சாய்வாகச் சீவுங்கள். மேற்பரப்பைத் தொடவே கூடாது, தந்தியைத் தூக்குவது அதுதான். அப்புறம் டாம்பர் துணியையும் (தந்தியின் ஒலியை அடக்க ஜாக்கில் செருகிய துணி) பாருங்கள். அது மிகத் தாழ்ந்திருந்தால் ஜாக்கைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் உயர்த்தினால் சரி.

ஒன்று மட்டும்: கருவி உண்மையிலேயே 18ஆம் நூற்றாண்டினது என்றால் பழைய ஜாக்குகளில் கத்தியே வைக்காதீர்கள். அவற்றை எண்ணிட்டுப் பத்திரப்படுத்திவிட்டு, வாசிக்கப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.