கேள்வி – பதில்: ஹங்கேரியில் வெள்ளிக்கிழமை

கே: ஹங்கேரிய மொழி உராலிக் குடும்பத்தைச் சேர்ந்ததாயிற்றே. அதன் கிழமைப் பெயர்கள் ஏன் ஸ்லாவிய மொழிகளைப் போல ஒலிக்கின்றன?

ப: எல்லாம் அல்ல, புதன் முதல் சனி வரை நான்கு மட்டுமே கடன். ஸ்லாவிய ‘ஸ்ரெதா’, அதாவது நடுநாள், ஹங்கேரியத்தில் ‘ஸெர்தா’ ஆனது. சொல்லின் தொடக்கத்தில் இரு மெய் சேர்ந்து வருவது பழைய ஹங்கேரியத்துக்கு ஒத்துவராது. இடையில் ஓர் உயிர் புகுந்துவிடும்.

சுவாரசியமானது வெள்ளிதான்: ‘பேன்டெக்’. ஸ்லாவிய மொழியான இன்றைய குரோவேசியத்தில் ‘பெட்டக்’, அதாவது ஐந்தாம் நாள். நடுவே ‘ன்’ இல்லை. பழைய ஸ்லாவியத்தில் அந்த இடத்தில் மூக்கொலி உயிர் இருந்தது. அது மறைவதற்கு முன்பே ஹங்கேரியர் வாங்கிவிட்டார்கள். கொடுத்தவர் தொலைத்ததை வாங்கியவர் பத்திரமாக வைத்திருக்கிறார்! சனிக்கிழமையான ‘ஸொம்பட்’டில் வரும் ‘ம்’மும் அப்படியே.

செவ்வாய், ‘கெட்’, சொந்தச் சொல். ‘இரண்டு’ என்ற எண்ணிலிருந்து வந்தது. திங்களை ஒன்றாக வைத்து எண்ணுங்கள். ஞாயிற்றில் தொடங்கினால் வெள்ளி ஐந்தாம் நாளாக வராது.