தாத்தா வரைந்த யானைக்கு வண்ணம் தீட்ட

மதுரை வாசகி ஒருவரின் கேள்வி: "என் தாத்தா இந்தியன் இங்க்கில் வரைந்த யானைக் கார்ட்டூன் ஒன்று வீட்டில் இருக்கிறது. கறுப்புக் குடை பிடித்து நிற்கும் யானை. தாள் பழுத்துவிட்டது. ஸ்கேன் செய்து ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் பக்கெட் டூலால் நிறம் ஊற்றினால் கோட்டை ஒட்டி வெள்ளை விளிம்பு நிற்கிறது. தும்பிக்கையில் ஊற்றினால் தாள் முழுக்கப் பரவுகிறது. என்ன செய்வது?"

இரண்டு தொல்லைக்கும் காரணம் வேறு, மருந்து ஒன்றுதான். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போல. தாத்தாவின் கோடு இருக்கும் லேயரில் நிறத்தை ஊற்றாதீர்கள். நிறம் அதற்குக் கீழே, தனி லேயரில் போகட்டும்.

ஸ்கேனை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் நடுவில் கறுப்பு, ஓரத்துக்கு வர வர அடர் சாம்பல், வெளிர் சாம்பல், அப்புறம் தாள். ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும் இடத்தைத்தான் பக்கெட் நிரப்பும். வெளிர் சாம்பலைக் கண்டதும் நின்றுவிடும். அந்த மிச்சம்தான் வெள்ளை விளிம்பு. படத்தைச் சுருக்கி வைக்கும் ஜேபெக் கோப்பாகச் சேமித்திருந்தால் கோட்டைச் சுற்றிப் புழுதி போலப் புள்ளிகளும் சேரும். நிறம் பரவுவதற்குக் காரணம் கோட்டில் உள்ள இடைவெளி. கைதேர்ந்தவர்கள் தும்பிக்கை நுனியிலோ காது மடலிலோ பேனாவை எடுத்துவிடுவார்கள். அது பிழையே இல்லை, கோட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தயவுசெய்து அதை அடைக்காதீர்கள்.

முதலில் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), கலர் முறையில், மறுபடி ஸ்கேன் செய்து, தரம் குறையாத பிஎன்ஜி கோப்பாக வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் ஸ்கேன் எதற்கு என்று தோன்றும். கலர் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களின் சேர்க்கை. தாளின் பழுப்பு, சிவப்புச் சேனலில் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். நீலச் சேனலில் அழுக்காகத் தெரியும். சிவப்பை மட்டும் பிரித்து எடுத்தால் பாதிக் கறை தானாகப் போய்விடும். மீதியை 'லெவல்ஸ்' என்ற வெளிச்சம் சரிசெய்யும் கருவியில் வெள்ளை முனையைக் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்யலாம். அதிகம் இழுத்தால் மெல்லிய கோடுகள் அறுந்துவிடும். வாலின் முடியைப் பார்த்துக்கொண்டே இழுங்கள்.

இப்போது அந்தக் கோட்டு லேயரை மேலே வைத்து 'மல்டிப்ளை' முறைக்கு மாற்றுங்கள். வெள்ளை மறைந்துவிடும், கறுப்பு அப்படியே நிற்கும், ஓரத்துச் சாம்பல் கீழே உள்ள நிறத்தோடு கலந்துவிடும். கீழே ஒரு புது லேயர் போட்டு, ஃப்ரீ செலக்ட் டூலால் உடம்பைச் சுற்றி வளைத்து நிரப்புங்கள். அரை மில்லிமீட்டர் கோடு 600 டிபிஐயில் ஏறத்தாழ 12 பிக்சல் அகலம். அதன் நடுவில் கை கொஞ்சம் நடுங்கினாலும் வெளியே தெரியாது. இடைவெளி வந்தால் கோடு எங்கே போயிருக்கும் என்று நீங்களே ஊகித்து வளையுங்கள். ஓரத்தை மென்மையாக்கும் ஆன்டி-அலையாஸிங்கை அணைத்துவிடுங்கள், பிறகு நிறத்தை மாற்ற நினைத்தால் ஒரே சொடுக்கில் மாறும். உடம்பு, தந்தம், நகம், கண் என்று ஒவ்வொன்றுக்கும் தனி லேயர் இருந்தால் இன்னும் நல்லது.

தானாக வண்ணம் போடும் செயலிகளை இந்தப் படத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சில செயலிகள் கோட்டையே திருத்திவிடுகின்றன.

நிறத்தேர்வில் நிதானம் வேண்டும். கறுப்பு வெள்ளைக்காக வரைந்தவர் நிழலையும் கோட்டிலேயே போட்டிருப்பார். வயிற்றுக்கு அடியில் நெருக்கமான குறுக்குக்கோடுகள் இருந்தால் அதுதான் நிழல். அதன்மேல் நீங்களும் நிழல் போட்டால் சேறாகிவிடும். ஆகவே வெளிர் நிறம், தட்டையாக. யானைக்குச் சுத்தச் சாம்பல் வேண்டாம், சிமென்ட் பொம்மை போல ஆகிவிடும். துளி பழுப்பு கலந்த சாம்பல் போடுங்கள். நம் ஊர் யானைக்குக் காது ஓரத்திலும் தும்பிக்கையிலும் நிறமி குறைந்து இளஞ்சிவப்பாக இருக்கும், அதில் கரும்புள்ளிகள் தெளித்திருக்கும். அதைக் கொஞ்சம் காட்டினாலே யானைக்கு உயிர் வந்துவிடும். தந்தத்துக்கு வெளிர் மஞ்சள் போதும். குடையைத் தொடாதீர்கள். அந்த அடர் கறுப்புதான் படத்தின் கனத்தைத் தாங்குகிறது.

பிரேம் போடப் போகிறீர்கள் என்றால், முழுப்படத்துக்கு முன் காதுப் பகுதியை மட்டும் சின்னதாக அச்செடுத்துப் பாருங்கள். திரையில் பளிச்சென்று இருக்கும் இளஞ்சிவப்பு தாளில் மங்கித்தான் வரும்.