பிள்ளைகளுடன் கப்பல் பயணம்: "இலவசம்" என்றால் எவ்வளவு?

விடுமுறை நெருங்கினால் வழக்கமாக ஊட்டி லாட்ஜ், மூணாறு டாக்ஸி என்றுதான் இந்தப் பகுதிக்குக் கடிதங்கள் வரும். இந்த முறை பாதிக்கு மேல் கப்பல். சென்னைத் துறைமுகத்தில் ஏறி இலங்கைப் பக்கம் போய் வந்தவர்கள், விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கிருந்து மூன்று நான்கு இரவு கப்பலில் சுற்றியவர்கள் என்று எல்லோருமே பிள்ளைகளோடு போனவர்கள், அல்லது போகப் போகிறவர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். நிறுவனப் பெயர்களை எடுத்துவிட்டேன். எதிர்த்தரப்பைக் கேட்காமல் பெயர் போடுவது முறையல்ல.

ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பால் கலக்க எலெக்ட்ரிக் கெட்டிலும், கஞ்சி வைக்கச் சின்ன ரைஸ் குக்கரும் எடுத்துப் போகலாமா?
— செங்கல்பட்டு வாசகி

கூடாது. ஏறும்போது ஸ்கேனரில் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் கொடுப்பார்கள். அயர்ன் பாக்ஸும் அப்படித்தான். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடி இறங்க இடமில்லை, அதனால் இந்த விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பஃபே பக்கம் காபி, டீ வைத்திருக்கும் இடத்திலேயே வெந்நீர் கிடைக்கும். நல்ல ஃப்ளாஸ்க் ஒன்றும், பிரிக்காத பால்பவுடர் டின்னும் போதும். குழந்தைக்குச் சோறு, தயிர், பருப்பு வேண்டும் என்று புக்கிங் செய்யும்போதே எழுதிக் கேளுங்கள்.

மகனுக்கு 2 வயது 8 மாதம். "கிட்ஸ் கிளப் இருக்கு, பிள்ளையை விட்டுட்டு நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்று சொல்லித்தான் ஏஜென்ட் விற்றார். கிளப்பில் வயது போதாது என்றார்கள். டயப்பர் போட்டிருந்ததால் நீச்சல் குளத்திலும் இறக்கவிடவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
— திருச்சி வாசகர்

கப்பல் நிறுவனத்திடம் கேட்டால் கிடைக்காது. பெரிய கப்பல்கள் பலவற்றில் இலவச கிட்ஸ் கிளப்புக்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், டயப்பர் பழக்கமும் விட்டிருக்க வேண்டும். பொதுக் குளத்தில் டயப்பர் கூடாது, நீச்சலுக்கென்றே விற்கிற டயப்பரும் கூடாது. ஒரு குழந்தை அசுத்தம் செய்துவிட்டால் குளம் முழுவதையும் மூடிச் சுத்தம் செய்தாக வேண்டும். சில கப்பல்களில் கைக்குழந்தைகளுக்குத் தனியாகத் தண்ணீர் விளையாட்டு இடம் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. இவ்வளவும் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும்.

ஏஜென்டிடம் கேட்கலாம். பிள்ளையின் வயதைச் சொன்ன பிறகும் அவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் அது பொய் சொல்லி விற்றது, நஷ்டஈடு கேளுங்கள். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் நிரூபிக்க வழியில்லை. இத்தனை பணம் கட்டும் முன்பு அந்த இணையதளத்தைப் பத்து நிமிடம் புரட்டியிருக்கக் கூடாதா என்று உங்களையும் கேட்க வேண்டியிருக்கிறது.

"இரண்டு பெரியவர்களுக்குத் தலைக்கு 29,999 ரூபாய், பிள்ளைகள் இருவரும் இலவசம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து 60,000 ரூபாய் என்று கணக்குப் போட்டோம். துறைமுக வரி, டிப்ஸ், எரிபொருள் கட்டணம், ஜி.எஸ்.டி., இன்ஷூரன்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து 1,22,000 ஆனது. விமான டிக்கெட் தனி. முன்பணம் கட்டிவிட்டதால் பின்வாங்க முடியவில்லை. இது சரியா?
— கோவை வாசகி

சரியில்லை. நீங்கள் ஏமாந்ததில் உங்கள் தவறு எதுவுமில்லை. ஏமாறும்படிதான் அந்த விளம்பரத்தை எழுதியிருக்கிறார்கள்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல வருடமாக என் மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. கப்பல் வியாபாரத்தில் "பிள்ளைகள் இலவசம்" என்றால், அந்த அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் படுக்கும் பிள்ளைக்கு அடிப்படைக் கட்டணம் மட்டும் இல்லை என்று அர்த்தம். ஜன்னல் இல்லாத உள்ளறை 170 சதுர அடி வாக்கில் இருக்கும். அதில் சோபாவை விரித்தோ, கூரையிலிருந்து இறங்கும் மேல்தட்டுப் படுக்கையிலோ பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டும். துறைமுக வரி பிள்ளைக்கும் முழுசாக உண்டு. டிப்ஸும் பெரும்பாலான கப்பல்களில் உண்டு. அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் சாதாரண அறைக்கே தலைக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸ் என்று தானாகக் கணக்கில் ஏறும். 18 டாலர் என்றே வையுங்கள்: நான்கு பேர், நான்கு நாள், 288 டாலர். "இலவச"ப் பிள்ளைகள் இருவரின் பங்கு அதில் சரிபாதி. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவணையில் பயணம் போகிற குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா? விற்பவருக்கு இந்தக் கணக்கு முதல் நாளே தெரியும். கட்டாயம் கட்ட வேண்டிய தொகையை மறைத்துவிட்டு, நீங்கள் லீவு எழுதிக் கொடுத்து, பிள்ளைகளிடமும் சொல்லி, இனிப் பின்வாங்க முடியாது என்ற நிலைக்கு வந்தபின் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்கள். இதை வியாபார சாமர்த்தியம் என்று பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சட்டமும் ஒத்துக்கொள்ளவில்லை. 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு நெறிமுறைகளின்படி, ஒரு பொருளையோ சேவையையோ வாங்கிக்கொள்வதற்குத் தவிர்க்க முடியாத செலவு தவிர வேறு எதற்காவது காசு வாங்கினால் அதை "இலவசம்" என்று சொல்லவே கூடாது. பொடி எழுத்தில் "நிபந்தனைக்கு உட்பட்டது" என்று போட்டுத் தப்பிக்கவும் முடியாது. அப்புறம், 2023 நவம்பர் 30 அன்று இதே ஆணையம் இணைய விற்பனையில் செய்யும் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. முழு விலையை முதலில் காட்டாமல் கடைசியில் ஏற்றுவது அதில் ஒன்று. கேட்காத இன்ஷூரன்ஸைக் கூடையில் தள்ளிவிடுவது இன்னொன்று. "இன்னும் இரண்டு அறைதான் பாக்கி" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் உண்டு.

அந்த விளம்பரத்தின் படம், முன்பணம் கட்டிய நாளில் வந்த ரசீது, கடைசி பில் மூன்றையும் எடுத்து வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். இன்ஷூரன்ஸை நீங்கள் கேட்டு வாங்கவில்லை என்றால் அந்தத் தொகையை முதலில் திருப்பிக் கேளுங்கள். பில்லில் டி.சி.எஸ். (விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று ஒரு வரி இருந்தால் கவலை வேண்டாம். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று 26ஏ.எஸ். படிவத்தில் பார்த்துவிட்டு, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது ரீஃபண்ட் வாங்கலாம்.

இனிப் போகிறவர்கள் நான்கு பேரின் பெயர், வயது எல்லாம் கொடுத்து, "இறங்கும்வரை கட்டாயம் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு, எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

ஏறும் முன்பே பானம், வைஃபை, போட்டோ பேக்கேஜ் வாங்கினால் தள்ளுபடி என்கிறார்கள். வாங்கலாமா?
— ஈரோடு வாசகர்

வைஃபை அவசியம் என்றால் முன்கூட்டியே வாங்குங்கள், கப்பலில் விலை கூடுதல். ஒரு கருவிக்கு மட்டும் வாங்கினால் போதும். மற்ற இரண்டும் வேண்டாம். என் பிள்ளைகளுக்கு நாள் கணக்கில் காசு கட்டிக் குளிர்பான பேக்கேஜ் வாங்கினேன். அவர்கள் பஃபேயில் சும்மா கிடைத்த எலுமிச்சை ஜூஸைத்தான் நாள் முழுக்கக் குடித்தார்கள். அதற்கென்று கொடுத்த பிளாஸ்டிக் டம்ளர் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

சிங்கப்பூர், மலேசியாவுக்கு ரோமிங் பேக் போட்டிருந்தேன். இருந்தும் போஸ்ட்பெய்ட் பில் 14,000 ரூபாய் வந்திருக்கிறது. மகள் என் போனில் வீடியோ பார்த்தாள், அவ்வளவுதான்.
— மதுரை வாசகர்

கரையைத் தாண்டியதும் உங்கள் போன் சிங்கப்பூரிலும் இல்லை, மலேசியாவிலும் இல்லை. கப்பலுக்கென்று செயற்கைக்கோள் வழியாக இயங்கும் தனி மொபைல் நெட்வொர்க்கில் அது தானாக ஒட்டிக்கொள்ளும். நாடுகளுக்கான பேக் அங்கே செல்லாது. ஏறியவுடன் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறக்க வேண்டும், பிள்ளை கையில் இருக்கும் போனையும் சேர்த்து.

கட்டண எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். ஏதாவது வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அதைச் சொல்லியே கம்பெனியிடம் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டெலிபோன் வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

டிக்கெட்டில் கோலாலம்பூர் என்று போட்டிருந்தது. கப்பல் நின்றதோ போர்ட் கிளாங்கில். தனி வேன் பிடித்து இரட்டைக் கோபுரமும் பத்துமலை முருகனும் பார்க்கப் போனோம். டிராஃபிக்கில் மாட்டி, கப்பல் கிளம்பக் கால் மணி நேரம் இருக்கும்போது ஓடி வந்து ஏறினோம். பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். கப்பல்காரர்கள் மேல் புகார் கொடுக்கலாமா?
— சென்னை வாசகர்

எதற்காக? பெரும்பாலான டிக்கெட்டுகளில் அடைப்புக்குறிக்குள் "போர்ட் கிளாங்" என்றும் இருக்கும், உங்களுடையதை மறுபடி பாருங்கள். அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரம், நெரிசலில் இன்னும் கூட. பத்துமலை நகரத்தைத் தாண்டி வடக்கே. சின்னப் பிள்ளைகளோடு அங்கே 272 படி ஏறி இறங்கும் நேரத்தையாவது யோசித்திருக்க வேண்டாமா? கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனி வேனுக்குக் காத்திருக்காது. போயிருந்தால் அடுத்த துறைமுகம்வரை உங்கள் செலவு. ஒரு நாளில் ஒரே இடம் பாருங்கள்.

கடல் சீற்றம் என்று ஒரு துறைமுகத்தில் நிறுத்தவே இல்லை. பணம் வருமா?
— நாகர்கோவில் வாசகி

அந்தத் துறைமுக வரி மட்டும் வரும், பயணக் கட்டணம் வராது. அங்கே சுற்றிக்காட்ட ஏஜென்ட் தனியாகக் காசு வாங்கியிருந்தால் அதை விடாதீர்கள்.

தெரிந்தவர் மூலம் வந்த ஏஜென்ட். அவர் சொந்தக் கணக்குக்கு ஜி-பேயில் 1,85,000 ரூபாய் அனுப்பினோம். "கன்ஃபர்ம் ஆகிவிட்டது" என்கிறார், புக்கிங் நம்பர் மட்டும் தர மாட்டேன் என்கிறார். பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம். என் மகள் தினமும் காலண்டரில் தேதியை அடித்துக்கொண்டு வருகிறாள். அவளிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.
— தஞ்சாவூர் வாசகி

அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில், உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், பயணத் தேதியோடு கப்பல் நிறுவனத்தையே நேரடியாகத் தொடர்பு கொண்டு, அப்படி ஒரு புக்கிங் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று தெரிந்தால் அந்த நிமிடமே 1930-க்குப் போன் செய்யுங்கள். அது பண மோசடிக்கான உதவி எண். சீக்கிரம் சொன்னால் அந்தக் கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். தெரிந்தவர் மனம் நோகுமே என்று தள்ளிப்போட வேண்டாம். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இப்படிப்பட்டவர்கள் தெரிந்தவர் வழியாக வருகிறார்கள்.

புக்கிங் இருந்து, அவர் வேறு வகையில் இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஏஜென்ட் எந்த ஊர் என்பது பொருட்டில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ஜி-பே விவரங்களையும், "கன்ஃபர்ம்" என்று அவர் அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் அழிக்காமல் வையுங்கள்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். பயணம் தள்ளிப்போகிறது, அதற்கு அம்மா காரணமில்லை என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

கப்பலில் மகனுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. டாக்டர் பார்த்ததற்கும் டிரிப்ஸுக்கும் 640 டாலர். ஊர் வந்து கிளெய்ம் கேட்டால் "தாமதமாகத் தெரிவித்தீர்கள்" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுக்கிறது.
— வேலூர் வாசகர்

நடுக்கடலில் வாந்தி எடுக்கும் பிள்ளையைப் பார்ப்பீர்களா, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடுவீர்களா? தாமதத்துக்கு இதைத்தான் காரணமாக எழுதுங்கள். கப்பல் டாக்டரின் அறிக்கையையும், இனவாரியான பில்லையும் சேர்த்து, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுபடி மறுக்கிறார்கள் என்றால் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. கிளெய்ம் உண்மையானதாக இருக்கும்போது தாமதத்தை மட்டும் காரணம் காட்டி இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே சொல்லியிருக்கிறது. அதையும் புகாரில் குறிப்பிடுங்கள்.

கப்பலில் பரவும் நோரோ வைரஸுக்கு, வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது. சாப்பிடும் முன் பிள்ளைகளை சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

பேரப்பிள்ளைகள் இருவரையும் நானும் என் மனைவியும் மட்டும் அழைத்துப் போகலாமா? மகன், மருமகள் வரவில்லை.
— சேலம் வாசகர்

தாராளமாக. அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதமும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும். அவசரத்தில் சிகிச்சைக்கு நீங்கள் சம்மதம் தரலாம் என்றும் அதே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய்விட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்குவது இரண்டாவது நுழைவு. விசா பல முறை நுழைய அனுமதிப்பதுதானா என்று நான்கு பேருக்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஒவ்வொன்றிலும் ஆறு மாதமாவது மிச்சமிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் என்பதால் அதை முதலில் எடுத்துப் பாருங்கள்.