"பாப்பா நல்லாத்தானே ஆடுறா, இதுல என்ன இருக்கு?"

கேள்வி: அக்கா, எம் பொண்ணுக்கு எட்டு வயசு. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒரு குத்துப்பாட்டு கொடுத்திருக்காங்க, டிரெஸ்ஸும் அந்தப் படத்துல வர்ற மாதிரியே வேணுமாம். எனக்கு மனசுக்கு ஒப்பல. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா "டிவியில எல்லா குழந்தையும்தான் ஆடுது, உம் புத்திதான் அப்படி போகுது"ங்கறார். நாத்தனார் வேற ரிகர்சல் வீடியோவை ரீல்ஸ்ல போட்டுட்டாங்க, யார் யாரோ கமென்ட் பண்றாங்க. நான் ரொம்ப கட்டுப்பெட்டியா இருக்கேனா?
- பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்

பதில்: இல்லம்மா, உங்க மனசுக்குப் பட்டது சரிதான். உங்க வீட்டுக்காரர் டிவியைக் காட்டுறார்ல, அந்த டிவிக்காரங்களுக்கே 2019 ஜூன்ல மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒரு அறிவுரை அனுப்புச்சு, சினிமாவுல பெரியவங்க ஆடுற ஸ்டெப்பை டான்ஸ் ஷோக்கள்ல சின்னக் குழந்தைங்களை ஆட வைக்கிறீங்க, அது வயசுக்கு ஏத்ததா இல்ல, பிஞ்சு வயசுல மனசைப் பாதிக்கும், கவனமா இருங்கன்னு. அவர்கிட்ட இதைச் சொல்லுங்க.

குழந்தைக்கு அந்தப் பாட்டோட அர்த்தம் தெரியாது, அதனால என்ன தப்புன்னு நிறைய பேர் கேக்கறாங்க. அர்த்தம் தெரியாதுதான், ஆனா எந்த ஸ்டெப்புக்கு விசில் வருதுன்னு நல்லாத் தெரியும், அடுத்த தடவை அதையே இன்னும் கூட்டி ஆடும், மேடையில மைக் பிடிச்சவர் "உனக்கு லவ்வர் இருக்கா"ன்னு கேப்பார், கூட்டம் சிரிக்கும், இப்படித்தான் நம்மகிட்ட எல்லாரும் ரசிக்கறது இதைத்தான் போலன்னு அந்தப் பிஞ்சு மனசுல பதிஞ்சு போகுது. அமெரிக்க உளவியல் சங்கம் 2007-ல பெண் குழந்தைங்களைப் பத்தி ஒரு பெரிய அறிக்கை போட்டாங்க, இப்படி தோற்றத்தை வச்சே மதிப்பு போடுறதுக்கும் அப்புறம் வர்ற மனச்சோர்வு, உடம்பைப் பத்தின கூச்சம், சாப்பாட்டை ஒதுக்கறது இதுக்கெல்லாம் தொடர்பு இருக்குன்னு அதுல சொல்லியிருக்காங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன், பாப்பாகிட்ட போய் "அசிங்கமா ஆடாத"ன்னு சொல்லிடாதீங்க. அவ ஒரு தப்பும் பண்ணல. பாட்டை எடுத்தது, டிரெஸ் சொன்னது, வீடியோ போட்டது எல்லாம் பெரியவங்க, பேச்சும் அவங்களோடதான் இருக்கணும். அதே கிளாஸ்ல இன்னும் ரெண்டு மூணு அம்மாக்களுக்கும் உறுத்தலா இருக்கும், வாயைத் திறக்காம இருப்பாங்க. சேர்ந்து போய் டான்ஸ் மிஸ்ஸைப் பாருங்க, இது வேணாம்னு மட்டும் சொல்லாம பதிலுக்கு வேற பாட்டோட போங்க. உங்க கொங்கு பக்கம் வள்ளி கும்மியை ஊர் ஊரா மைதானத்துல கூட்டம் கூட்டமா ஆடுறாங்களே, அந்த வேகத்துக்கு எந்தக் குத்துப்பாட்டு ஈடாகும் சொல்லுங்க!

ரீல்ஸை இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க. நாத்தனார்கிட்ட நீங்க சொன்னா சண்டையாகும், அவங்க அண்ணன் சொல்லட்டும். ஆசையாத்தான் போட்டிருப்பாங்க, ஆனா அதை யார் பாக்கறா, யார் சேவ் பண்ணி வச்சு எங்க அனுப்பறான்னு நம்மால பிடிக்கவே முடியாது. கமென்ட்ல யாராவது கேவலமா எழுதியிருந்தா அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. படத்தை யாராவது தப்பா மாத்திப் பரப்பினா மத்திய அரசோட சைபர் கிரைம் போர்ட்டல்ல பேர் சொல்லாமலே புகார் பண்ணலாம், குழந்தைங்களுக்கான உதவி எண் 1098-க்கும் போன் போடலாம். குழந்தையை ஆபாசமாக் காட்டுற படத்தைப் பரப்பினா தகவல் தொழில்நுட்பச் சட்டம் (ஐடி சட்டம்) 67பி பிரிவுல முதல் தடவைக்கே 5 வருஷம் வரைக்கும் ஜெயில். போன்ல வச்சு சும்மா பாத்தேன்னு சொல்லியும் தப்பிக்க முடியாது, 2024 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதைத் தெளிவா சொல்லிடுச்சு.

கேள்வி: டிவியில குழந்தைகளை இப்படி ஆட வைக்கறதைப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்கு. யார்கிட்ட புகார் சொல்றது?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, முதல்ல அந்த சேனலுக்கே எழுதுங்க. 2021-ல வந்த கேபிள் டிவி விதிப்படி உங்க புகார் கிடைச்சதுன்னு 24 மணி நேரத்துல அவங்க சொல்லணும், 15 நாள்ல முடிவு சொல்லணும். அது திருப்தியா இல்லைன்னா அடுத்த 15 நாளுக்குள்ள, அந்த சேனல் சேர்ந்திருக்கற சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு பண்ணலாம். நிகழ்ச்சி பேரு, தேதி, மணி, எந்த இடம் உறுத்துச்சுன்னு குறிச்சு எழுதுங்க, பொத்தாம்பொதுவா "கலாச்சாரம் கெடுது"ன்னு எழுதினா ஓரமா வச்சிடுவாங்க.

இன்னொண்ணும் கேளுங்க, ராத்திரி வரைக்கும் நடக்கற அந்த ஷூட்டிங்குக்கு கலெக்டர் அனுமதி இருக்கான்னு. 2017 குழந்தைத் தொழிலாளர் விதிப்படி ஒரு குழந்தை நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல நடிக்கக் கூடாது, 3 மணி நேரத்துக்கு மேல ஓய்வில்லாம நிறுத்தி வைக்கக் கூடாது, சம்பாதிக்கறதுல 20 சதவீதமாவது அந்தக் குழந்தை பேர்ல பேங்க்ல டெபாசிட் ஆகணும். மேடையில குழந்தையை ஏத்தி விட்டுட்டு பக்கத்துல நிக்கற அப்பா அம்மாவுக்கே இது தெரியறதில்லை ஐயா. தெரிஞ்ச வீடா இருந்தா நீங்களே போய் சொல்லுங்க, வாத்தியார் சொன்னா கேப்பாங்க.